இரு நாட்டு மகனும் ஒரு நாட்டுச் சட்டமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாதுங்காவில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தோம். பேச்சு காற்பந்தின் பக்கம் திரும்பியது. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாடு இதுவரை ஓர் உலகக் கோப்பைப் போட்டியில்கூட ஆடவில்லையே என்று ஒருவர் வருந்தினார். "இந்திய வமிசத்தில் வந்தவர்கள் வெளிநாடுகளில் எத்தனையோ பேர் நன்றாக ஆடுகிறார்கள். அவர்களை அழைத்து வந்தால் என்ன?" என்று இன்னொருவர் கேட்டார். "அவர்கள் எப்படி நம்மவர் ஆவார்கள்?" என்று மூன்றாமவர் மறுத்தார். வாதம் சூடேறியது, தேநீர் ஆறியது, முடிவு ஒன்றும் ஏற்படவில்லை.

அறிவியல் பயிலும் மாணவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாதம் முற்றும்போது அவன் சான்றைத் தேடுவான். ஆயிரம் பேரைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதில் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட ஒருவர் நம் நகரத்திலேயே ஆடியிருக்கிறார். அவர் பெயர் அராட்டா இசுமி. அவருடைய ஆட்ட வாழ்க்கையையும், அதைக் கட்டுப்படுத்திய சட்டத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பெயரும்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் தென்மேற்குக் கோடியில் ஷிமொனொசெக்கி என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அந்நகரில் அராட்டா பிறந்தார். தந்தை இந்தியர், குஜராத்தி. தாய் ஜப்பானியப் பெண்மணி. ஜப்பானில் வழங்கிய பெயர் அராட்டா இசுமி. இந்தியப் பெயர் நீலகண்ட் கம்போல்ஜா. ஒரே மனிதருக்கு இரு பெயர்கள். இரண்டும் பொய்ப்பெயர்கள் அல்ல. ஒன்று தாய் வீட்டை நினைவூட்டுவது. மற்றொன்று தந்தை வீட்டை நினைவூட்டுவது.

ஜப்பானிலேயே வளர்ந்து அங்கேயே ஆட்டம் பயின்றார். பின்பு சிங்கப்பூருக்குச் சென்று, அந்நாட்டுத் தொடரில் ஆடிவந்த அல்பிரெக்ஸ் நீகாட்டா என்னும் ஜப்பானிய அணியில் சேர்ந்தார். அங்கிருந்து 2006-இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இடம் பெற்றார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. இன்றைய என் வயதைவிட ஓராண்டே கூடுதல்.

நடுக்களத்தின் வேலை

அராட்டா நடுக்கள ஆட்டக்காரர். காற்பந்தைக் கூர்ந்து பாராதவர்களுக்காக இவ்விடத்தைச் சற்று விளக்குவது நலம்.

கோல் காப்பவரும் தடுப்பாட்டக்காரரும் தம் பக்கத்து எல்லையைக் காக்கின்றனர். முன்னணியினர் எதிரியின் எல்லையைத் தாக்குகின்றனர். இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையில் நிற்பவர் நடுக்கள ஆட்டக்காரர். பின்னாலிருந்து வரும் பந்தை வாங்குவார், திரும்புவார், முன்னால் ஓடுகிறவனுக்கு ஏற்ற வேளையில் கொடுப்பார். பந்து பறிபோனால் முதலில் பின்னோக்கி ஓட வேண்டியவரும் அவரே. ஓர் ஆட்டத்தில் மிகுதியாக ஓடுவோர் பெரும்பாலும் இவ்விடத்தாரே. மறுநாள் செய்தித்தாளில் கோல் அடித்தவன் பெயர் வரும். கோலுக்கு வழி செய்தவன் பெயர் எப்போதும் வருவதில்லை.

இவ்விடத்தில் நின்று ஆடுவதற்குக் காலும் வேண்டும், கண்ணும் வேண்டும். கால் இளமையில் வலுவாக இருக்கும். கண் அனுபவத்தால் தெளியும். இவ்விரண்டும் ஒருங்கே கூடியிருக்கும் காலம் நீண்டதன்று. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் தொடங்கி முப்பதை ஒட்டி முடிவது அது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

மும்பையிலும் புனேயிலும்

கல்கத்தாவிலிருந்து அராட்டா மும்பைக்கு வந்தார். இங்கு மகிந்திரா யுனைடெட் அணியில் ஆடினார். இளைய மாணவர்களுக்கு இந்த அணி வெறும் பெயராக இருக்கலாம். 2005-06 பருவத்தில் தேசியக் காற்பந்துத் தொடரை வென்ற அணி அது. 2008-இல் டியூராண்டு கோப்பையையும் வென்றது. 2010-இல் அந்த அணி கலைக்கப்பட்டது. சர்ச்கேட் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கூப்பரேஜ் மைதானம் அந்நாளில் மும்பைக் காற்பந்தின் வீடாக இருந்தது. 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பைப் போட்டி பல்லாண்டுகள் நடந்த மைதானமும் அதுவே.

2009-இல் அராட்டா புனே அணிக்கு மாறினார். அங்கே ஐந்தாண்டுகள் ஆடினார். அவர் புகழ் வளர்ந்தது அங்கேதான். 2012-13 ஐ-லீக் தொடரில் புனே அணி இரண்டாம் இடம் பெற்றது. கழகம் கலைவதும் ஆட்டக்காரர் மாறுவதும் நம் நாட்டில் வழக்கமாயிருந்த அக்காலத்தில், ஓரிடத்தில் ஐந்தாண்டு நிலைத்து நின்றது சிறிய செய்தியன்று.

ஆயினும் ஒரு குறை இருந்தது. கழகங்களில் அயல்நாட்டார் இத்தனை பேர்தாம் ஆடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. ஜப்பானியக் குடிமகனாக இருந்தவரையில் அராட்டாவும் அந்த அயல்நாட்டார் கணக்கிலேயே வந்தார். தந்தையின் நாட்டில், தந்தையின் மக்கள் நடுவில் ஆடினார். பட்டியலிலோ அவர் அயலார்.

சட்டம் சொல்வது என்ன?

உலகக் காற்பந்துக் கழகமாகிய ஃபிஃபாவின் விதி இதில் தாராளமானது. ஒருவர் ஒரு நாட்டின் குடிமகனாக இருந்து, அவரோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ அந்நாட்டில் பிறந்திருந்தால், அவர் அந்நாட்டுக்காக ஆடலாம். இரண்டு மூன்று நாடுகளுக்கு உரிமையுடையவர்கள் இதனால் உலகில் பலர் உள்ளனர். எந்த நாட்டுக்கு ஆடுவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

இந்தியாவின் நிலை வேறு. தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்லர் என்பது நம் அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அவ்வழியே செல்கிறது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பரவலாக வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை, வெளிநாடு வாழ் இந்திய வமிசத்தாருக்கு வந்துபோகவும் தங்கித் தொழில் செய்யவும் வசதி தருகிறது. ஆனால் அது குடியுரிமை ஆகாது, வாக்குரிமையும் தராது.

விளையாட்டில் ஒரு காலத்தில் சற்று நெகிழ்வு இருந்தது. சென்னையின் விஜய் அமிர்தராஜ் அவர்களின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ், அமெரிக்காவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாக இருந்தும், 2003 முதல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய விளையாட்டு அமைச்சகம் அந்த வழியை அடைத்தது. இந்தியப் பாஸ்போர்ட் உடையவரே இந்தியாவுக்காக ஆடலாம் என்பது அன்று முதல் விதி.

இனி அராட்டாவுக்கு இருந்தது ஒரே வழி. இந்தியக் குடியுரிமை பெற வேண்டும். இந்திய வமிசத்தார் பதிவின் மூலம் குடியுரிமை பெறுவதற்கு நம் சட்டத்தில் பல உட்பிரிவுகள் உள்ளன. சிலவற்றுக்கு ஓராண்டு வசிப்புப் போதும். ஒன்று ஏழாண்டு கேட்கிறது. எந்த உட்பிரிவாயினும் விண்ணப்பம் பல மேசைகளைக் கடந்தே ஆக வேண்டும். மற்றொரு பக்கத்தில் ஜப்பானியச் சட்டமும் நம் சட்டத்தைப் போன்றதே. தம் விருப்பத்தால் வேறு குடியுரிமை ஏற்பவர் ஜப்பானியக் குடியுரிமையை இழப்பார்.

ஆக, அவர்முன் இருந்த கேள்வி ஆட்டக் கேள்வி மட்டும் அன்று. ஒரு கையில் இந்திய பாஸ்போர்ட்டை வாங்க வேண்டுமானால் மறுகையிலுள்ள ஜப்பானியப் பாஸ்போர்ட்டைக் கீழே வைக்க வேண்டும். அதன்பின், தாம் பிறந்த ஊருக்கு, தாயின் நாட்டுக்குப் போவதற்கும் விசா கேட்க வேண்டும். 1998 முதல் உலகக் கோப்பையில் தவறாது ஆடிவரும் நாடு அது. இந்தியாவோ உலக வரிசையில் 150-க்கும் பிற்பட்ட இடத்தில் அன்று நின்றது. இலாப நட்டம் மட்டும் பார்ப்பவர் செய்யும் மாற்றம் அன்று இது.

அராட்டா அதைச் செய்தார். இந்தியக் குடிமகனானார். 2013 பிப்ரவரியில், கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக நடந்த நட்பு ஆட்டத்தில் இந்தியாவின் நீலச் சட்டை அணிந்து இறங்கினார். அன்று இந்தியா 2-4 என்று தோற்றது. ஆனால் ஜப்பானில் பிறந்த ஒருவர் இந்திய அணிக்காக ஆடியது அதுவே முதல் முறை.

ஒரு சிறு கணக்கு

இங்கே நான் முன்பு குறித்த கணக்குக்கு வருகிறேன்.

இந்தியாவுக்கு வந்தபோது அவர் வயது ஏறத்தாழ 24. இந்தியாவுக்காக முதன்முதல் ஆடியபோது 30. இடையில் கழிந்தவை ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள். நடுக்கள ஆட்டக்காரனின் சிறந்த பருவம் என்று மேலே எதைச் சொன்னேனோ, அந்தப் பருவம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. அவர் இந்தியாவுக்காக ஆடியது 2013-லும் 2014-லும் மட்டுமே. ஆடிய ஆட்டங்கள் பத்துக்கும் குறைவு.

அந்த ஆறரை ஆண்டில் அவர் ஒரு நாளும் இந்திய மைதானத்தை விட்டு விலகியிருக்கவில்லை. கல்கத்தா, மும்பை, புனே என்று நம் கண்முன்னேயே ஆடிக்கொண்டிருந்தார். சட்டம் கேட்ட விலையை அவர் பணமாகக் கொடுக்கவில்லை, வயதாகக் கொடுத்தார். பணம் போனால் மீண்டும் தேடலாம். இருபத்தேழாம் வயதை எவரும் மீண்டும் தேட முடியாது.

இது அராட்டா ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் 1993-இல் பிறந்தவர் ரயன் வில்லியம்ஸ். அவர் நடுக்கள ஆட்டக்காரர் அல்லர். பக்கவாட்டில் ஓடி ஆடுபவர். அவருடைய தாய் நம் மும்பையில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் 1950-களில் பம்பாய் அணிக்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடியவர். வில்லியம்ஸ் 2023-இல் பெங்களூரு அணிக்கு வந்தார். ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து 2025-இல் இந்திய பாஸ்போர்ட் பெற்றபோது அவருக்கு 32 வயது.

பிற நாடுகளில்

அராட்டா இந்தியாவுக்கு வந்த அதே 2006-இல், உலகக் கோப்பைக்குச் சென்ற பிரான்சு அணியில் விகாஷ் தோராசு என்னும் நடுக்கள ஆட்டக்காரர் இருந்தார். அவர் முன்னோர் இந்தியாவிலிருந்து மொரீசியசுக்குச் சென்றவர்கள். அவரோ பிரான்சில் பிறந்து பிரான்சின் குடிமகனாகவே வளர்ந்தவர். ஆகவே அவர் எதையும் துறக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் வியப்பானது போவாட்டெங் சகோதரர் கதை. தந்தை ஒருவரே, கானா நாட்டவர். தாயர் இருவர், ஜெர்மானியப் பெண்கள். மைந்தர் இருவரும் பெர்லினில் பிறந்தனர். 2010 உலகக் கோப்பையில், ஜோகன்னஸ்பர்க் நகரில், ஜெர்மனியும் கானாவும் மோதின. தம்பி ஜெரோம் ஜெர்மனிக்காகத் தடுப்பாட்டம் ஆடினார். அண்ணன் கெவின்-பிரின்ஸ் கானாவின் நடுக்களத்தில் ஆடினார். ஜெர்மனி 1-0 என்று வென்றது. வானம் இடிந்து விழவில்லை. இரண்டு நாடுகளும் இரண்டு மைந்தரையும் தம்மவர் என்றே கொண்டன.

நம் அண்டை நாடாகிய இலங்கையும் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. பெர்லினில் பிறந்த வசீம் ரசீக் 2021-இல் இலங்கை அணிக்காக ஆடத் தொடங்கினார்.

எதிர்வாதமும் விடையும்

இவற்றையெல்லாம் கண்டு, "நம் சட்டத்தை எடுத்தெறிக" என்று சொல்லிவிடத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. மாதுங்காவில் மறுத்துப் பேசிய நண்பரின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கதவை முழுதும் திறந்துவிட்டால், இந்நாட்டில் ஒரு நாளும் வாழாதவரும் போட்டிக்கு முன் வந்து, போட்டி முடிந்ததும் போய்விடக்கூடும். தாராவியில் இரு கட்டடங்களுக்கு நடுவே பத்தடிச் சந்தில் பந்து உதைத்துப் பழகும் சிறுவனுக்கு உரிய இடம் அவருக்குப் போய்விடும். மைதானம் கட்டித் தராமல் ஆட்டக்காரரை இறக்குமதி செய்வது, கிணறு வெட்டாமல் நீரை விலைக்கு வாங்குவது போன்றதே.

ஆனால் அராட்டா அப்படி வந்தவர் அல்லரே! இங்கே வாழ்ந்தார், இங்கே ஆடினார், ஜப்பானைத் துறந்தார். சட்டம் கேட்டதை எல்லாம் கொடுத்தார். அவரிடம் குறை காண இடமில்லை. குறை நம் தாமதத்தில் இருக்கிறது.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

இந்தக் கேள்வி எனக்கு ஏன் இத்தனை நெருக்கமாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். நானும் சிறுவயதிலேயே வந்தவன். ஊருக்குப் போனால் நான் "பம்பாய்க்காரன்", இங்கே "மதராசி". ஊரில் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். இங்கே என் மராட்டியைக் கேட்டுச் சிரிப்பார்கள். நம் சங்கத்தில் பலருக்கும் இது புதிதன்று.

எனினும் அராட்டாவுக்கு நேர்ந்தது எனக்கு நேரவில்லை. திருநெல்வேலியை விட்டு மும்பைக்கு வந்தபோது என் குடும்பம் எதையும் துறந்து கையொப்பமிடவில்லை. காரணம் என்ன? இந்தியாவில் மாநிலத்துக்கு ஒரு குடியுரிமை இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே குடியுரிமை. நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தருகிறது. 1960-இல் பம்பாய் மாநிலம் பிரிந்து மகாராட்டிரம் பிறந்தபோதும், பின்னர் "மதராசிகள்" மீது வெறுப்புக் கிளம்பிய நாட்களிலும், நம்மவர் இங்கேயே வேரூன்றி நிற்க முடிந்தது இந்த ஒரே குடியுரிமையால் அன்றோ?

ஆகவே ஒற்றைக் குடியுரிமை என்னும் சொல்லுக்கு இரு முகங்கள் உள்ளன. நாட்டுக்குள் அது கூரை. எல்லையில் அது கதவு. கூரையின் கீழ் நிழல் பெற்று வாழும் நாம், கதவுக்கு வெளியே ஒருவர் எத்தனை காலம் நிற்கிறார் என்பதைப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

கூரைக்குக் கீழும் சில தாள்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இம்மாநிலத்தில் டொமிசைல் சான்றிதழ் வேண்டுமானால் பதினைந்து ஆண்டு வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்காக, பழைய ரேஷன் அட்டையும் பள்ளிச் சான்றுமாக நானும் வரிசையில் நின்றேன். அன்று எனக்குத் தெரிந்தது இதுதான்: ஒருவன் எங்கே வாழ்ந்தான், என்ன செய்தான் என்பதைக் காட்டச் சொல்வது தவறன்று. காட்டியபின்னும் காக்க வைப்பதே தவறு.

முடிவுரை

என் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே பாஸ்போர்ட் என்னும் விதி இருக்கட்டும். அதில் நாட்டின் பாதுகாப்பும் ஒழுங்கும் அடங்கியிருக்கின்றன. ஆனால் இந்திய வமிசத்தில் பிறந்து, இங்கேயே தங்கி, இங்குள்ள தொடரில் ஆண்டுக்கணக்கில் ஆடும் ஒருவர் விண்ணப்பித்தால், அதை மாதக்கணக்கில் முடிக்க வேண்டும். ஏனெனில், ஆட்டக்காரனின் இளமை அலுவலகக் கோப்புக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டாவதாக, அவர் வந்துவிட்டார் என்பதற்காக நம் சிறுவர்களின் மைதானங்களை மறந்துவிடவும் கூடாது.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு அராட்டாவின் பிற்கால வாழ்க்கையே சான்று. இந்திய அணியை விட்டபின்னும் அவர் ஓயவில்லை. 2015-இல் கல்கத்தா அணியிலும், 2016-இல் புனே சிட்டி அணியிலும், 2017-18-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிலும் ஆடினார். ஆட்டத்தை முடித்தபின், நவி மும்பையில் உள்ள ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் என்னும் சிறுவர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். பல மாநிலங்களிலிருந்து தேர்ந்தெடுத்த இந்தியச் சிறுவர்களுக்குப் பந்தை வாங்கவும் திருப்பவும் கொடுக்கவும் கற்றுக்கொடுத்தார்.

"அவர்கள் எப்படி நம்மவர் ஆவார்கள்?" என்று கேட்ட நண்பருக்கு என் விடை இது. நம் பிள்ளைகளுக்கு ஒருவர் தம் தொழிலைக் கற்றுக்கொடுக்கும்போது, அவர் நம்மவரா என்ற கேள்வி முடிந்துவிடுகிறது. அவரை முன்னமே நம்மவர் என்று ஏற்றிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் அதைப் பேசுவோம், நண்பர்களே.